நூலகத்து உலக விவகாரக் கூட்டத்துக்குப் போகலாமா?

தென்காசிப் பக்கம் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், இப்போது ஒஹாயோவில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறார். அருகிலுள்ள நூலகத்தில் 'கிரேட் டெசிஷன்ஸ்' என்ற பெயரில் வாரம் ஒரு உலக விவகாரச் சொற்பொழிவு நடக்கும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். இது யார் நடத்துவது, அமெரிக்க அரசின் பிரசாரமா, சுற்றுலா விசாவில் வந்தவர் போகலாமா, போனால் ஏதாவது விளங்குமா என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, தாராளமாகப் போங்கள். இந்த நாட்டில் இத்தனை காலமாகக் குடியிருக்கும் எனக்கு, அமெரிக்கர்கள் உலகத்தைப் பற்றி உள்ளபடியே என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்தால் இங்கே எல்லாரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். நூலகத்து அறையில் முப்பது நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வேறு அமெரிக்கா தெரியும். எங்கள் ஊர்க் குழுவில் பல குளிர்காலங்கள் உட்கார்ந்தவன், சில தடவை நெறியாளராகவும் மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அறிவிப்பில் சொற்பொழிவு என்று போட்டிருந்தாலும், சொற்பொழிவு இதில் சிறு பகுதிதான். ஃபாரின் பாலிசி அசோசியேஷன் என்ற நியூயார்க் அமைப்பு ஆண்டுதோறும் எட்டுத் தலைப்புகளைத் தேர்ந்தெடுத்து, தலைப்புக்கு ஒரு கட்டுரையாக ஒரு புத்தகம் போடுகிறது. சில ஆண்டுகளில் ஒன்பதாவது தலைப்பும் சேரும். ஒவ்வொரு கட்டுரையையும் அத்துறையில் பழகிய பேராசிரியரோ பத்திரிகையாளரோ எழுதுவார். வரைபடம் இருக்கும், விவாதத்துக்கான கேள்விகள் இருக்கும். நாடெங்கும் உள்ள குழுக்கள் பெரும்பாலும் ஜனவரி தொடங்கி வாரம் ஒரு தலைப்பாக எடுத்துக்கொள்ளும். மாதம் ஒன்றாக இழுத்து நடத்தும் ஊர்களும் உண்டு. உறுப்பினர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வர வேண்டும். கூட்டத்தில் அந்தத் தலைப்புக்கென்றே எடுத்த அரைமணி நேரப் படம் ஒன்றைப் போடுவார்கள், அல்லது பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் சொல்வார்கள். மீதி நேரம் முழுக்கக் கேள்வியும் வாதமும். எட்டுத் தலைப்பும் முடிந்தபின் கருத்துச் சீட்டு ஒன்றில் தங்கள் நிலைப்பாட்டைக் குறித்துக் கொடுப்பார்கள்.

நம் ஊர்ப் பட்டிமன்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். அணி கிடையாது, நடுவர் கிடையாது, கடைசியில் தீர்ப்பும் கிடையாது. கைதட்டல்கூட விருந்தினர் பேசி முடித்ததும் ஒரு முறைதான். முதல் நாள் எனக்கு உப்புச் சப்பில்லாமல்தான் இருந்தது. மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான் பிடிபட ஆரம்பித்தது.

அரசுப் பிரசாரமா என்ற உங்கள் ஐயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழங்கதைக்குப் போக வேண்டும்.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918இல், நியூயார்க்கில் சில பத்திரிகையாளர்களும் பேராசிரியர்களும் சமூக சேவகர்களும் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'சர்வே' இதழின் ஆசிரியர் பால் கெல்லாக் அதில் முக்கியமானவர். அதிபர் வில்சன் முன்வைத்த, ஐ.நா. சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்க யோசனைக்கு அமெரிக்க மக்களிடையே ஆதரவு திரட்டுவதுதான் நோக்கம். அது பலிக்கவில்லை. சர்வதேச சங்கத்தை உள்ளடக்கிய வெர்சாய் ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் நிராகரித்தது. அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் கடைசிவரை சேரவேயில்லை. நோக்கம் தோற்ற பிறகு கடையைக் கட்டிவிடுவதுதான் வழக்கம். இவர்கள் 1920களின் தொடக்கத்தில் ஃபாரின் பாலிசி அசோசியேஷன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, எந்தக் கொள்கைக்கும் ஆதரவு திரட்டுவதில்லை, மக்களுக்கு விவரம் சொல்வதே வேலை என்று பாதையை மாற்றினார்கள். மதிய உணவுக் கூட்டங்கள் நடத்தி, எதிரெதிர்க் கருத்துடையவர்களை ஒரே மேடையில் உட்காரவைத்தார்கள்; அந்தப் பேச்சுகள் வானொலியிலும் போயின. இதன் தலைவராக 1933 வரை இருந்த ஜேம்ஸ் மெக்டொனால்டு பிறகு ஜெர்மனியிலிருந்து வந்த அகதிகளுக்கான சர்வதேச ஆணையர் ஆனார். யூதர்களுக்கு நேரும் கொடுமையை உலக நாடுகள் கண்டுகொள்ளவில்லை என்று பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டு 1935 டிசம்பரில் பதவி விலகியவர் அவர்தான்.

நீங்கள் போகவிருக்கும் தொடர் 1954இல் பிறந்தது, அதுவும் நியூயார்க்கில் இல்லை. மறு கோடியில், ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில். சங்கத்தின் ரோஜர் மாஸ்ட்ரூட் என்பவர் தொடங்கிவைத்தார். அக்கம்பக்கத்தார் ஒருவர் வீட்டுக் கூடத்திலோ நூலகத்திலோ உட்கார்ந்து வாரம் ஒரு பிரச்சினையைப் பேச வேண்டும் என்பதே யோசனை. அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரியப் போர் ஓய்ந்து ஓராண்டு ஆகவில்லை. மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைகிறது. வாஷிங்டனில் செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்டு வேட்டையின் உச்சத்தில் இருக்கிறார். சீனாவைப் பற்றி வாய் திறந்தாலே சந்தேகப்படுகிற காலத்தில், வெளியுறவுக் கொள்கையைத் தெருக்காரர்கள் பேசித் தீர்மானிக்கட்டும் என்று ஒருவர் கிளம்பியதற்குத் துணிச்சல் வேண்டும்.

அதற்கான வசையும் வந்து சேர்ந்தது. 1960இல் அட்லாண்டாவில் முன்னாள் படைவீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜியனின் உள்ளூர்க் கிளை ஒன்று, இந்தச் சங்கம் இடதுசாரிச் சார்புடையது, இளைஞர் மனத்தைக் கெடுக்கிறது என்ற தொனியில் ஒரு புத்தகமே அச்சிட்டு வெளியிட்டது. இன்று எங்கள் குழுவில் அமரும் ஒருவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார்: இது கிழக்குக் கரை வங்கியாளர்களும் முன்னாள் தூதர்களும் சேர்ந்து நடத்தும் மேட்டுக்குடிச் சங்கம், வாஷிங்டன் போட்ட கோட்டைத் தாண்டாது என்று. இரண்டாவது குறையில் உண்மை இருக்கிறது என்பதே என் எண்ணம். இது அரசு நடத்துவதில்லை, கட்சிச் சார்பும் இல்லை. ஆனால் புத்தகத்தின் ஒவ்வொரு கட்டுரையும் சுற்றிச் சுற்றி 'இதில் அமெரிக்கா என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். அமெரிக்கா எதுவும் செய்யாமல் இருந்தால் என்ன என்ற கேள்வியை நீங்கள்தான் எழுப்ப வேண்டியிருக்கும். எழுப்பினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பாதிப் பேர் தலையாட்டவே செய்வார்கள்.

புத்தகம் எப்போதும் செய்திக்குப் பிந்தியே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரியில் கைக்கு வர வேண்டுமென்றால் முந்தைய ஆண்டிலேயே எழுதி அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். 2022ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ரஷ்யா ஒரு தலைப்பு. அது அச்சேறியபோது உக்ரைன் எல்லையில் படைகள் குவிந்துகொண்டிருந்தன, போர் தொடங்கவில்லை. பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு. எங்கள் குழுவில் அந்தத் தலைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அன்று வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். கூடுதல் நாற்காலிகளைச் சிறுவர் பிரிவிலிருந்து தூக்கி வந்தோம். வந்தவர்களில் பலர் புத்தகத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. எல்லார் கையிலும் அன்று காலைச் செய்தி.

அன்றைக்குப் பேச வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். போரைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் தருகிறேன், அதற்கு முன் அரைமணி நேரம் புத்தகத்தில் உள்ளதை மட்டும் பேசுவோம் என்றார். முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் 2008இல் புகாரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ அறிவித்தது, அந்த ஆகஸ்டிலேயே ஜார்ஜியாவில் நடந்த சண்டை, 2014இல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டது என்று அவர் வரிசையாக வைத்துக்கொண்டு போக, அறை அடங்கிவிட்டது. நேட்டோ விரிவடைந்ததுதான் காரணம் என்றார் ஒருவர். அதெல்லாம் சாக்கு, பக்கத்து நாட்டை விழுங்குவதற்குப் பழைய பேரரசு தேடும் நியாயம் என்றார் இன்னொருவர். இருவரும் அன்று காலை தொலைக்காட்சியில் கேட்டதை ஒப்பிக்காமல் தங்கள் சொந்தச் சொற்களில் பேசினார்கள். பிந்தி வரும் புத்தகத்தால் இப்படி ஒரு பயன் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். செய்தி சூடாக இருக்கும்போது அதன் பின்கதையைப் பொறுமையாகப் படிக்க எவருக்கும் தோன்றாது. இங்கே முன்பே படித்துவைத்தவர்கள் சிலராவது அறையில் இருப்பார்கள்.

இந்தியா எப்போதாவது வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். 2020இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு தலைப்பு. 2022இல் அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த க்வாட் கூட்டணி. 2025இல் சீனாவுக்கும் மேற்குலகுக்கும் தென்னுலக நாடுகளுக்கும் நடுவே இந்தியா என்ற தலைப்பு. 2020 கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அறையில் இருந்த ஒரே இந்தியன் என்பதால் எல்லார் பார்வையும் என் மேல்தான். முந்தைய ஆகஸ்டில் 370ஆவது பிரிவின்படி காஷ்மீருக்கு இருந்த சிறப்புரிமை நீக்கப்பட்டிருந்தது. பேச வந்தவர் அதைப் பற்றியே நெடுநேரம் விளக்கினார். பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், மேற்கே கொலராடோவில் பாசன நிலம் வைத்து விவசாயம் பார்த்தவராம், கையைத் தூக்கினார். "ஆறுகள் யாருடையவை? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்றார். பேச்சாளரிடம் பதில் தயாராக இல்லை. 1960ஆம் ஆண்டு சிந்து நதி ஒப்பந்தம், உலக வங்கி நடுவில் நின்றது, ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு என்று நான் எழுந்து சொன்னேன். இரண்டு போரையும் கார்கிலையும் தாண்டி அந்த ஒப்பந்தம் நின்றிருக்கிறது என்றதும், கொலராடோ ஆற்றுக்காக ஏழு மாநிலங்கள் அடித்துக்கொள்கிற எங்களைவிட நீங்கள் தேவலை என்றார். அறை சிரித்தது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இப்படிப்பட்ட கேள்விகள் பேராசிரியர்கள் நடத்தும் கருத்தரங்குகளில் வருவதில்லை. நிலம் உழுதவர், கப்பலில் வேலை பார்த்தவர், வியட்நாமில் சண்டையிட்டவர், 'பீஸ் கோர்' என்ற அமெரிக்கத் தன்னார்வத் தொண்டு அமைப்பில் சேர்ந்து ஆப்பிரிக்கக் கிராமத்தில் இரண்டாண்டு பாடம் நடத்தியவர் என்று கலந்து உட்காருவதால் வருகின்றன. பேச வருபவர்களுக்கும் இது தெரியும். ஓரளவு பெயர் பெற்ற பேச்சாளர்கள்கூட, ஊர்க்காரர் கேள்விகளுக்குத்தான் பயப்படுவார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வருபவர்களில் முக்கால்வாசிக்கு மேல் தலை நரைத்தவர்கள். உங்களுக்கு அது வசதி. தொடருக்கு அது கவலை. பகல் நேரத்தில் நடத்தினால் வேலைக்குப் போகிறவர் வர முடியாது, இரவில் நடத்தினால் இருட்டில் வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள் வர மாட்டார்கள். இந்தச் சிக்கலுக்கு எங்கள் ஊரில் இன்னும் தீர்வு இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் நூலகங்கள் மூடியபோது பல குழுக்கள் பாதித் தலைப்பில் நின்றன. பிறகு ஜூமுக்குப் போனார்கள்; தூரத்தில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள், ஆனால் குறுக்கிட்டுப் பேசும் சுவை போய்விட்டது. நெறியாளர் சரியில்லை என்றால் எல்லாமே பாழ். பக்கத்து ஊர்க் குழு ஒன்றில் நெறியாளரே முக்கால் மணி நேரம் தன் பயண அனுபவத்தைப் பேசிவிட்டு, கேள்விக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவார். அப்படி ஒருவர் வாய்த்தால் இரண்டாம் வாரமே வேறு நூலகம் பாருங்கள். ஒஹாயோவில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. நூலகங்கள் மட்டுமல்ல, தேவாலயங்கள், முதியோர் குடியிருப்புகள், கல்லூரிகளின் மூத்தோர் வகுப்புகள், பெண் வாக்காளர் சங்கக் கிளைகள் என்று பல இடங்களில் இதே புத்தகத்தை வைத்து நடத்துகிறார்கள்.

கருத்துச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு தலைப்புக்கும் சில தெரிவுகள் கொடுத்துக் குறிக்கச் சொல்வார்கள். நாடெங்கிலுமிருந்து வரும் சீட்டுகளைத் தொகுத்து அறிக்கையாக்கி, வாஷிங்டனில் கொள்கை வகுப்போர் கைக்குப் போகும்படி அனுப்புவது வழக்கம். இதைக் கருத்துக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; தாமாகவே வந்து, எட்டு வாரம் படித்து, குளிரில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்களின் கருத்து நாட்டின் கருத்து ஆகிவிடாது. ஒரு விவரம் தெரிந்த சிறுபான்மையினர் என்ன நினைக்கிறார்கள் என்று வேண்டுமானால் காட்டும். அதைப் பார்த்து எந்த அமைச்சராவது முடிவை மாற்றியிருக்கிறாரா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் சீட்டை நிரப்பும்போது ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் வாய் கிழியப் பேசியவர், 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் நடுவே பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

உங்கள் நிலைமைக்கு வருவோம். நூலகக் கூட்டங்கள் பொதுவாக எல்லாருக்கும் திறந்தவை. கடவுச்சீட்டு, விசா எதுவும் யாரும் கேட்பதில்லை; சில இடங்களில் முன்பதிவு கேட்பார்கள், பெயர் கொடுத்தால் போதும். விருந்தாளியாக வந்தவர் உட்கார்ந்து கேட்பதிலும் கேள்வி கேட்பதிலும் தவறில்லை. கருத்துச் சீட்டை மட்டும் வாங்காமல் விட்டுவிடுங்கள் என்பேன். அது தேர்தல் வாக்கு இல்லைதான். ஆனாலும் அமெரிக்கக் குடிமக்கள் தம் அரசிடம் சொல்லும் கருத்து அது, அதில் நாம் கலந்துகொள்வது முறையாகாது. நானே குடியுரிமை பெறும்வரை நிரப்பியதில்லை.

புத்தகத்தை வாங்க அவசரப்பட வேண்டாம். தொடர் நடத்தும் நூலகத்தில் சில பிரதிகள் இருக்கும். மகனின் நூலக அட்டையில் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். கட்டுரை பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. ஆங்கிலம் நாளிதழ் ஆங்கிலம்தான், தலைமையாசிரியருக்குச் சிரமம் இராது. பேச்சைப் பிடிப்பதுதான் முதலில் கடினம், முன்வரிசையில் உட்காருங்கள். உங்கள் உச்சரிப்பு புரியாமல் இன்னொரு முறை சொல்லச் சொன்னால் சங்கடப்பட வேண்டாம், அவர்களில் பாதிப் பேர் காதுக் கருவி வைத்திருப்பவர்கள். கேள்வியைக் கேள்வியாகவே கேளுங்கள். 'எங்கள் பாரத நாட்டில் ஐயாயிரம் ஆண்டுகளாக' என்று தொடங்கினால் நெறியாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஒஹாயோவில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மகன் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தால் கிளீவ்லண்டில் சிட்டி கிளப்புக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அது 1912இல் தொடங்கிய வேறொரு மன்றம். உலக விவகாரம் மட்டும் இல்லை, உள்ளூர் அரசியல் முதல் எல்லாம் உண்டு. யார் பேசினாலும், அதிபரே ஆனாலும், முன்கூட்டி வடிகட்டாத கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே மரபு. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, ராபர்ட் கென்னடி வன்முறையைக் கண்டித்துப் பேசியது இந்த மன்றக் கூட்டத்தில்தான். சாப்பாட்டுடன் போனால் கட்டணம் உண்டு, முன்பதிவும் தேவை. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

நூலகத் தொடருக்கு எட்டு வாரமும் போக முடியாது என்றால், உங்களுக்கு நன்கு தெரிந்த நாட்டைப் பற்றிய வாரத்தை விட்டுவிட்டு, துளியும் தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போங்கள். ஆர்க்டிக் பனி உருகுவதைப் பற்றி ஒரு தலைப்பு 2021இல் வந்தது. எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று அலுப்புடன் போனேன். யார் யார் எந்தக் கடற்படுகைக்கு உரிமை கோருகிறார்கள், வடக்கே கப்பல் வழி திறந்தால் சூயஸ் வழி என்னவாகும் என்று பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் பனி கொட்டினால் நூலகத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் ஒரு தொலைபேசி போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.